டெல்மர் ஹாகன் விமானம் வாங்காத கதை

விமானம் வாங்கலாமா என்று எங்கள் பக்கத்தில் எவனுக்காவது ஆசை வந்துவிட்டால் முதலில் போய் நிற்பது டெல்மர் ஹாகன் முன்னால்தான். பாங்குக்கு அப்புறம் போவான். பெண்டாட்டியிடம் கடைசியில் சொல்வான். சில பேர் பெண்டாட்டியிடம் சொல்வதே இல்லை, அது வேறு கதை.

மினசோட்டாவின் மேற்கு ஓரம். வடக்கே சோளம், தெற்கே சோயா, நடுவில் ஒற்றை ஓடுதளம். அதன் ஓரமாக ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு காப்பி மெஷின். இதுதான் ஊர் விமான நிலையம். டெல்மருக்கு வேலை கூட்டுறவுத் தானியக் கிடங்கில், லாரிகளுக்கு எடை போடுவது. பாரத்தோடு உள்ளே வரும்போது ஒரு எடை, காலியாக வெளியே போகும்போது ஒரு எடை. இரண்டையும் கழித்தால் வருவதுதான் உண்மை, மீதியெல்லாம் வாய்ப்பேச்சு என்பது அவர் கொள்கை. சனிக்கிழமை காலையில் அந்தக் கொள்கையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்துவிடுவார்.

ஆசைப்பட்டு வருகிறவனிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் பறப்பே?"

"இருநூறு இருக்கும்," என்பான் வந்தவன். வந்தவர்களில் ஒருவன்கூட இருநூறுக்குக் கீழே சொன்னது கிடையாது.

"சரி. போன வருஷம் எத்தனை?"

"போன வருஷமா... கொஞ்சம் வேலை ஜாஸ்தி. ஒரு இருபத்தஞ்சு."

"அப்ப வாடகைக்கு எடுத்துக்கோ. நூறு மணிக்குக் கீழேன்னா வாடகை, மேலேன்னா சொந்தம். பசு சும்மா நின்னாலும் பாலாவது கறக்கும். இது சும்மா நின்னா துருதான் பிடிக்கும்."

அவர் சொல்வதில் தப்பு கிடையாது. சொந்த விமானம் என்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். பறந்தாலும் பறக்காவிட்டாலும் கொட்டகைக்கு வாடகை கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை மெக்கானிக் அதைப் பிரித்துப் போட்டு, யாரும் கேள்விப்படாத ஒரு வியாதியைக் கண்டுபிடிப்பார். என்றாவது ஒரு நாள் என்ஜினையே மாற்ற வேண்டிவரும், அதற்கு இப்போதிருந்தே எடுத்து வைக்க வேண்டும். வாடகை விமானத்தில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஏறினோமா, பறந்தோமா, காசைக் கொடுத்தோமா, வீட்டுக்கு வந்தோமா என்று இருக்கலாம். டெல்மர் இதைச் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றிய குடும்பங்கள் அநேகம். கிறிஸ்துமஸ் வந்தால் அவர் வீட்டு வாசலில் பிஸ்கட் டப்பாக்கள் அடுக்கியிருக்கும், எல்லாம் மனைவிமார்கள் அனுப்பியவை.

ஊருக்குத்தான் உபதேசம் என்றில்லை, தனக்கும் அதே சட்டம்தான். இருபத்தெட்டு வருஷமாக அவர் ஓட்டுவது கார்வின் பெல்ட்ஸின் வாடகை விமானம், நாலு பேர் உட்காரும் பழைய செஸ்னா. கார்வின்தான் அங்கே மெக்கானிக், மேனேஜர், காப்பி போடுகிறவர் எல்லாம். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் விமானத்தில் ஒரு மீட்டரும் ஓட ஆரம்பிக்கும். ஆறு நிமிஷத்துக்கு ஒரு எண் நகரும், எண் நகர்ந்தால் காசு. ஆகவே டெல்மர் இறக்கையைத் தட்டிப் பார்ப்பது, எண்ணெய் பார்ப்பது, பெல்ட்டை மாட்டுவது, வரைபடத்தை மடித்து மடியில் வைப்பது, கர்த்தரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வது எல்லாவற்றையும் முடித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்புவார். தரையிறங்கிய பிறகு அவர் விமானத்தைக் கொட்டகைக்கு ஓட்டி வருகிற வேகத்தைப் பார்த்தால் வேறு மாதிரி நினைக்கத் தோன்றும்.

"யோவ், பின்னாடி போலீஸ் துரத்துதா?" என்று கார்வின் கத்துவார்.

"உன் மீட்டர்தான் துரத்துது," என்பார் டெல்மர்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம்தான். மூன்றாவது தடவையும் கேட்டால், "இவ்வளவு சொல்றீங்களே" என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கையை நீட்டுகிறவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லையென்றால் வளர்ப்பு சரியில்லை. காப்பிக்கும் இதே முறை, தட்டில் மிஞ்சும் கடைசித் துண்டு கேக்குக்கும் இதே முறை. கல்யாணங்கள்கூட ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கின்றன.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை கார்வின் முட்டியைத் தடவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். முட்டி போய்விட்டது, இன்னொரு பனிக்காலம் தாங்காது, மகள் அரிசோனாவுக்கு வரச் சொல்கிறாள். விமானத்தை விற்கப் போகிறார், விளம்பரமும் கொடுத்தாகிவிட்டது.

"நீ எடுத்துக்கிறியா டெல்மர்?"

"எனக்கெதுக்குப்பா."

கார்வின் காப்பியை ஊற்றினார். "இல்ல, உனக்குத்தான் முதல் உரிமை. என்னைவிட நீதான் அதுல ஜாஸ்தி உக்காந்திருக்கே."

"வருஷத்துக்கு நாப்பது மணி நேரம்தானே பறக்கறேன். கணக்கு இடிக்குது."

இரண்டு தடவை ஆயிற்று. டெல்மர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கார்வின் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு பல் டாக்டர் கூப்பிட்டிருந்தார், அடுத்த சனிக்கிழமையே வந்து பார்க்கிறாராம். போனை வைத்தபோது கார்வினுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மூன்றாவது தடவை கேட்க வேண்டும் என்பது மறந்தே போயிற்று.

மறந்துவிட்டாயே என்று நினைவுபடுத்தலாமே என்று கேட்பீர்கள். நினைவுபடுத்தினால் அது கேட்டு வாங்குவது ஆகிவிடும். அதைவிட டெல்மர் செத்தே போவார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அடுத்த வாடகை விமானம் இருப்பது காரில் இரண்டு மணி நேரம் தள்ளி. ஒரு மணி நேரம் பறப்பதற்கு நாலு மணி நேரம் கார் ஓட்ட அறுபத்து மூன்று வயதில் எவன் போவான்? செஸ்னா போனால் தன் பறப்பும் அதோடு போயிற்று என்று அவருக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது.

அவர் மனைவி யூனிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் தலைமை வகித்தவர். ஆள் உள்ளே நுழையும்போதே முகத்தைப் பார்த்துப் பசியா காய்ச்சலா என்று சொல்லிவிடுவார்.

"கார்வின் என்ன சொன்னான்?"

"பிளேனை விக்கிறானாம்."

"நீ வாங்கலையா?"

"கணக்கு ஒத்து வரல."

"ம்," என்றார் யூனிஸ். முப்பத்தேழு வருஷ தாம்பத்தியத்தில் டெல்மர் பலவிதமான 'ம்' கேட்டிருக்கிறார். இது எந்த வகை என்று பிடிபடவில்லை.

பல் டாக்டர் சொன்னபடி வந்தார். பெயர் விட்மர். பளபளவென்று பூட்ஸ், அதைவிடப் பளபளவென்று பற்கள். விமானத்தைச் சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார், பிறகு நேராகக் காப்பி மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

"டெல்மர்ங்கறது நீங்கதானா சார்? வாங்கறதுக்கு முன்னாடி உங்களை ஒரு வார்த்தை கேக்கச் சொன்னாங்க. ஊரே சொல்லுது."

"வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் பறப்பீங்க?"

"இருநூறு."

டெல்மருக்கு உயிர் வந்தது. "சரி. போன வருஷம்?"

"இருநூத்திப் பத்து. மூணு ஊர்ல கிளினிக் வச்சிருக்கேன் சார். எல்லாம் வாடகை பிளேன்தான், பில்லெல்லாம் கார்ல இருக்கு."

வந்த உயிர் போயிற்று. டெல்மர் ஒரு காகிதக் கைத்துண்டை இழுத்துப் போட்டுக் கணக்குப் போட்டார். திருப்பிப் போட்டு இன்னொரு தடவை போட்டார். எந்தப் பக்கம் போட்டாலும் இந்த மனுஷன் விமானம் வாங்குவதுதான் நியாயம். அவர் கையால் போட்ட கணக்கு வாங்கு என்று சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

'என்ஜின் கொஞ்சம் பழசு' என்று ஒரு வார்த்தை போதும். பொய்கூட இல்லை, பழசுதான். டாக்டர் எழுந்து போய்விடுவார், செஸ்னா இங்கேயே நிற்கும். அந்த வார்த்தை டெல்மரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் எடை போடுகிறவன் தராசில் கட்டை விரலை வைக்கலாமா?

"வாங்குங்க," என்றார்.

காப்பி மெஷின் பக்கத்தில் நின்றிருந்த கார்வின் திரும்பிப் பார்த்தார். பல் டாக்டரும் உற்றுப் பார்த்தார்.

"நீங்க யாரையும் வாங்கச் சொன்னதே இல்லைன்னாங்களே."

"சொன்னதில்ல."

"இதான் முதல் தடவையா?"

"இதான் முதல் தடவை."

"எனக்கு மட்டும் ஏன் சார்?"

"கணக்கு வருது."

"ஓஹோ," என்றார் டாக்டர். பிறகு கார்வின் பக்கம் திரும்பி, "நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நாள் சிநேகிதமோ?" என்று கேட்டார்.

"இருபத்தெட்டு வருஷம்!" என்றார் கார்வின், பெருமையாக. வியாபாரம் அந்த இடத்தில் செத்தது.

டாக்டர் விட்மர் கைத்துண்டை மடித்து, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல மேஜையில் வைத்தார். "யோசிச்சு சொல்றேன்," என்று எழுந்தார். எங்கள் பக்கத்தில் யோசித்துச் சொல்கிறேன் என்றால் மறுமையிலும் திரும்பி வர மாட்டேன் என்று அர்த்தம். கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

கார்வின் கொதித்துவிட்டார். "பாவி மனுஷா! வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வாங்குன்னு சொன்னே, அதுலயும் என் வியாபாரத்தைக் கெடுத்துட்டியே!"

"உண்மையைத்தானே சொன்னேன்."

"உண்மையை எவன் நம்பறான்? எப்பவும் போல வேண்டாம்னு சொல்லித் தொலைச்சிருந்தா வீம்புக்காவது வாங்கியிருப்பான். இப்ப பாரு, புதன்கிழமை அயோவாக்காரத் தரகன் ஒருத்தன் வந்து பிளேனை ஓட்டிட்டுப் போவான், அதுவும் அடிமாட்டு விலைக்கு."

டெல்மர் எழுந்து போகவில்லை. கோபத்திலாவது கார்வின் அந்த மூன்றாவது தடவையைக் கேட்டுவிடுவாரா என்று பார்த்தார். கார்வின் காப்பி மெஷினைக் கழுவ ஆரம்பித்தார். வந்தவர்கள் கிளம்பலாம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

சாப்பாட்டு மேஜையில் டெல்மர் நடந்ததைச் சொல்லி முடித்தபோது யூனிஸ் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சரி, உனக்கு அது வேணுமா, வேண்டாமா?"

"கணக்குப்படி பாத்தா..."

"கணக்கை யார் கேட்டா? உன்னைக் கேக்கறேன்."

டெல்மர் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவன் மூணாவது தடவை கேக்கல, யூனிஸ்," என்றார்.

யூனிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"கேக்காம விட்டா எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதா?"

"என்ன?"

"என்னை ஒரே ஒரு தடவை பிளேன்ல கூட்டிட்டுப் போனே. எங்கப்பா பண்ணை மேல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நல்ல வெயில்."

"அம்மா வாசல்ல நின்னு கையை ஆட்டினாங்க. அப்புறம் அப்பாவைக் கூட்டிட்டு வர மாட்டுக் கொட்டகைக்குள்ள ஓடினாங்க. நான் இன்னொரு சுத்து சுத்துன்னேன். நீ மீட்டரைப் பாத்தே. நேரமாச்சுன்னு திருப்பிட்டே." யூனிஸ் குரலை உயர்த்தவில்லை. "நான் திரும்பிப் பாக்கறேன், அப்பத்தான் அப்பா வெளியில வர்றார். தொப்பியைக் கழட்டிட்டு அண்ணாந்து நிக்கிறார். தப்பான பக்கம் பாத்துட்டு நிக்கிறார். மக ஆகாசத்துல போறதைப் பாக்கணும்னு எத்தனை நாளா சொல்லிட்டு இருந்தார் தெரியுமா? அந்தப் பனிக்காலமே போய்ச் சேந்துட்டார்."

டெல்மர் வாயில் வந்தது கணக்குதான், முப்பது வருஷப் பழக்கம் அப்படி. "அப்ப ஆறு நிமிஷத்துக்கு நாலு டாலர்," என்றார். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆமா, நாலு டாலர். அன்னிக்கு நமக்கு நாலு டாலர் பெருசுதான். கைக்குழந்தை வேற. அதை நான் குத்தமே சொல்லல."

"அப்புறம் ஏன் நீ வரவே இல்ல? ரெண்டு தடவை கூப்பிட்டேனே."

"ஆமா," என்றார் யூனிஸ். "ரெண்டு தடவை கூப்பிட்டே."

டெல்மர் அதற்கு மேல் சாப்பிடவில்லை. எத்தனையோ லாரிகளை உள்ளே விட்டு வெளியே விட்டு எடை போட்டவர், பக்கத்து நாற்காலி இத்தனை வருஷமாகக் காலியாகவே பறந்ததை ஒரு தடவைகூடக் கணக்கில் சேர்த்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் யூனிஸ் காரை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. விமான நிலையத்துக்கு விட்டார். கார்வின் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"காப்பி குடிக்கறியா யூனிஸ்?" என்றார் மரியாதைக்கு.

"குடு," என்றார் யூனிஸ்.

முதல் தடவையே! கார்வின் ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "ஏம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். பிளேன் எனக்கு வேணும். என்ன விலை?"

விலையைச் சொன்னார். யூனிஸ் பேரம் பேசவில்லை. அப்பாவின் நிலத்தை அண்ணன் விற்றபோது வந்த பங்கு தொடாமல் கிடந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவது கிடையாது. கைப்பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தார்.

"யூனிஸ்," என்றார் டெல்மர் மெதுவாக, "வருஷத்துக்கு நாப்பது மணி நேரத்துக்கு இது..."

"நாப்பது ஏன்? மீட்டருக்குப் பயந்து நாப்பது. நாப்பதுதானேன்னு வாடகை. வாடகைங்கறதால மறுபடி நாப்பது. முப்பது வருஷமா செக்குமாடு மாதிரி அதையே சுத்தி வந்திருக்கே. அந்தச் சுத்துக்கு மட்டும் உனக்கு நேரம் இருந்திருக்கு." செக்கை எழுதிக் கிழித்துக் கார்வின் கையில் கொடுத்தார். "நீ ஒண்ணும் வாங்க வேண்டாம். உன் கொள்கை உன்கிட்டயே இருக்கட்டும். என்கிட்ட வாடகைக்கு எடுத்துக்கோ."

டெல்மர் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "மணிக்கு எவ்வளவு?" என்று கேட்டே விட்டார்.

யூனிஸ் யோசித்தார். "நான் போதும்னு சொல்ற வரைக்கும் பறக்கணும். அதான் வாடகை." பிறகு கார்வினிடம், "அந்த மீட்டரைக் கழட்டிக் கொடு," என்றார்.

"கழட்டக் கூடாதும்மா. என்ஜினுக்குக் கணக்கு வேணும்."

"மூடி வைக்கலாமா?"

"மூடி வச்சா தப்பில்ல."

கார்வின் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய்க் கறுப்பு டேப்பால் மீட்டரின் முகத்தை மூடினார். ஆகவே, டெல்மர் ஹாகன் இன்றுவரை விமானம் வாங்கவில்லை. சந்தேகம் கேட்டு வருகிறவர்களிடம் வாடகைதான் மேல் என்றுதான் சொல்கிறார், அவரைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை.

அன்று மத்தியானமே கிளம்பினார்கள். யூனிஸுக்குப் பெல்ட்டை மாட்டத் தெரியவில்லை, டெல்மர்தான் மாட்டிவிட்டார். மேலே போனதும் எங்கே போவது என்று டெல்மர் கேட்கவில்லை, யூனிஸும் சொல்லவில்லை. தெற்கே திரும்பினார்கள்.

பண்ணையில் ஒன்றும் மிச்சமில்லை. வாங்கினவர் வீட்டை இடித்துவிட்டார், மாட்டுக் கொட்டகையைப் பலகைக்கு விற்றுவிட்டார். காற்றைத் தடுக்க நட்ட மரவரிசை மட்டும் நின்றது, அதன் ஓரம் வரைக்கும் பழுத்த சோயா. டெல்மர் வலது இறக்கையைச் சாய்த்தார், யூனிஸுக்கு நன்றாகத் தெரிவதற்காக. டெல்மர் பக்கத்து ஜன்னலில் வெறும் ஆகாயம்தான். யூனிஸ் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு சுற்று முடிந்தது. "இன்னொண்ணு," என்றார் யூனிஸ். அதுவும் முடிந்தது. "இன்னொண்ணு." டெல்மர் சுற்றிக்கொண்டே இருந்தார். கண்ணை மறைத்தது, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு ஓட்டினார். கீழே வெளியில் வந்து பார்க்க யாரும் இல்லை.

"என்ன தெரியுது?" என்று கேட்டார், என்ஜின் சத்தத்துக்கு மேலே.

"அப்பா நின்ன இடம்," என்றார் யூனிஸ்.

டெல்மர் இறக்கையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.